ஒழுங்கு காத்த ஒல்லாந்தர்

ஒல்லாந்தர் என்றதும் நம்மவர்க்கு யாழ்ப்பாணக் கோட்டையும், காணித் தோம்பும், 1707 ஆம் ஆண்டிலே எழுத்தில் தொகுக்கப்பெற்ற தேசவழமையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்நாட்டிலே பிறந்து, மைப்பேனா ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு, உலகெங்கணும் தம் கருத்தை நிலைநிறுத்திய அறிஞர் ஒருவர் 2002 ஆம் ஆண்டில் மறைந்தார். எட்ஸ்கர் டைக்ஸ்ரா என்பது அவர் பெயர். கணினியியல் பயில்வோர் அவரை நன்கறிவர். இலக்கிய அன்பர் பலர் அவர் பெயரையும் கேட்டிருத்தல் அரிது. மொழியாசிரியனாகிய நான் அவரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என வினவுவோர் இருப்பர். எது முன், எது பின் என்னும் வினாவைத் தம் துறையிலே அவர்போல் ஆழ்ந்து ஆராய்ந்தார் மிகச் சிலரே. அவ்வினா இலக்கணம் கற்பிப்போர்க்கும் உரியதாகும். என் பழைய மாணாக்கர் ஒருவர் அவருடைய கையெழுத்துக் கட்டுரைகள் சிலவற்றின் படிகளை எனக்குத் தந்து விளக்கிய நாள்தொட்டு, அம்மனிதரின் வாழ்வு என் கருத்தை விட்டகலவில்லை.

டைக்ஸ்ரா 1930 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் நாள் றொட்டர்டாம் நகரிலே பிறந்தார். தந்தையார் இரசாயனவியல் ஆசிரியர். தம் நாட்டு இரசாயனவியற் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். தாயார் கணிதம் கற்றவர். உத்தியோகம் எதனையும் ஏற்றிலர். ஆயினும் மைந்தரின் அறிவுக்கு வித்திட்டவர் அவரே எனலாம். கணிதம் கடினமானதோ என்று மகன் கேட்டபோது, வாய்பாடுகளை நன்கு கற்கவேண்டும் என்றும், ஒன்றை நிறுவுதற்கு ஐந்து வரிகளுக்கு மேல் வேண்டியிருப்பின் வழி தவறிவிட்டதென்று கொள்ளவேண்டும் என்றும் அவ்வம்மையார் அறிவுறுத்தினாராம். சுருக்கமும் தெளிவும் ஒருங்கே வாய்ந்த நடையை டைக்ஸ்ரா வாழ்நாள் முழுதும் போற்றியமைக்கு இதுவே ஊற்றுப்போலும்.

அவருக்குப் பத்து வயது நிறைந்து மூன்று நாட்களே கழிந்த நிலையில், 1940 மே 14 இல், ஜேர்மானிய விமானங்கள் றொட்டர்டாமின் நடுப்பகுதியைக் குண்டுவீசி அழித்தன. அழிவையும் அடிமைத்தனத்தையும் கண்டு வளர்ந்த அவ்விளைஞர், சட்டம் பயின்று ஐக்கிய நாடுகள் சபையிலே தம் நாட்டின் சார்பிற் பேசவேண்டுமெனக் கனவு கண்டார். ஆனால் 1948 இல் பள்ளிப்படிப்பை முடித்தபோது விஞ்ஞான பாடங்களிலே அவர் பெற்ற புள்ளிகள் மிக உயர்ந்தனவாயிருந்தன. ஆதலின் லெய்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து கணிதமும் பௌதிகமும் பயிலலானார்.

1951 இல் தந்தையார் கண்ணிற்பட்ட ஓர் அறிவித்தல் மைந்தரின் ஊழை மாற்றியது. இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலே மொறிஸ் வில்க்ஸ் என்னும் பேரறிஞர் கணினிக்கு நிரல் எழுதுங் கலையை மூன்று வாரம் கற்பிக்கின்றார் என்பதே அவ்வறிவித்தல். டைக்ஸ்ரா சென்று கற்று மீண்டார். அம்ஸ்ரடாமிலிருந்த கணித மையத்திலே கணிப்புப் பகுதியை நடத்திய வான் வைன்கார்டன் அவரை அழைத்துப் பணி நல்கினார். 1952 மார்ச்சு மாதத்தில் டைக்ஸ்ரா நிரலாளராகப் பணியேற்றார். ஒல்லாந்து நாட்டில் அப்பெயரோடு பணியேற்ற முதல்வர் அவரே.

அம்மையத்திலே லூப்ஸ்ரா, ஸ்கொல்ற்றன் என்னும் இருவர் பொறிகளைக் கட்டினர். அப்பொறிகளுக்கு வேண்டிய நிரல்களை டைக்ஸ்ரா எழுதினார். பொறி கட்டி முடியுமுன்னரே, அது எவ்வெக் கட்டளைக்கு எவ்வெச் செயலைப் புரியவேண்டும் என்பதை அவர் விரிவாக எழுதி வைப்பார். கட்டுவோர் அதன்படி கட்டுவர். எழுதுவோர் அதனை நம்பி எழுதுவர். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே எழுதப்பட்ட உடன்படிக்கை என அதனைக் கூறலாம். இவ்வுடன்படிக்கைக் கருத்து அவர் வரலாற்றின் திறவுகோல் ஆதலின், வாசகர் இதனை மனத்திருத்துவாராக.

நிரலெழுதுதல் மதிக்கத்தக்கதொரு கல்வித்துறைதானோ என்னும் ஐயம் அவரை நெடுங்காலம் வருத்தியது. 1955 இல் அவர் தம் ஐயத்தை வான் வைன்கார்டனிடம் வெளியிட்டார். அத்துறை இன்னும் உருவாகவில்லை என்பதை ஒப்புக்கொண்ட பெரியார், அதனை உருவாக்குவோருள் ஒருவராக நீவிர் ஏன் ஆகலாகாது என்னும் பொருள்பட விடையிறுத்தார். அன்றே டைக்ஸ்ராவின் வழி தெளிவாயிற்று. 1957 இல் அவர் திருமணப் பதிவுக்குச் சென்றபோது, தொழில் நிரலாளர் என எழுதினார். அப்படியொரு தொழில் இல்லையென அலுவலர் மறுத்துவிட்டனராம். பௌதிகவியலாளர் என்றே பதிவு செய்யவேண்டியதாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டில் ஆர்மக் என்னும் பொறியின் தொடக்க விழாவுக்காக, நாட்டின் 64 நகரங்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழியைக் காணும் முறையொன்றை அவர் அமைத்தார். தாம் மணக்கவிருந்த மங்கையுடன் ஒரு கோப்பிக்கடையில் இருந்தவாறே, தாளும் எழுதுகோலுமின்றி, இருபது நிமிடத்திற் சிந்தித்த முறை அது. 1959 இல் அச்சேறிய அம்முறை இன்றும் வழிகாட்டுங் கருவிகளுக்கு அடிப்படையாய் உள்ளது. அவர் பெயரை உலகறியச் செய்தது அதுவெனினும், அவரை உறங்கவிடாது வருத்திய சிக்கல் வேறொன்று.

கணினியின் கணிப்புறுப்பு விரைந்து தொழிற்படுவது. அதனோடிணைந்த தட்டச்சுப் பொறியும் துளைநாடா வாசிப்பானும் மெல்லத் தொழிற்படுவன. தட்டச்சுப் பொறி ஓர் எழுத்தைப் பதிக்கும் நேரத்தில் கணிப்புறுப்பு நூற்றுக்கணக்கான கூட்டல்களைச் செய்துவிடும். முற்பட்ட பொறிகளிலே, விரைவுள்ளது மெதுவானதற்காகக் கைகட்டிக் காத்துநின்றது. எக்ஸ் 1 என்னும் புதிய பொறியைக் கட்ட முற்பட்ட லூப்ஸ்ராவும் ஸ்கொல்ற்றனும் இவ்வீண் காத்திருப்பை ஒழிக்க ஒரு வழி கூறினர். கணிப்புறுப்பு தன் வேலையைத் தொடர்ந்து செய்க. சாதனம் தன் பணியை முடித்ததும் அதன் தோளைத் தட்டுக. தட்டப்பட்டதும் கணிப்புறுப்பு தன் வேலையை இடைநிறுத்திச் சாதனத்தைக் கவனித்து, பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர்க என்பதே அவ்வழி. இதனைக் குறுக்கீடு என்பர்.

கேட்போர்க்கு எளிதாகத் தோன்றும் இவ்வேற்பாடு டைக்ஸ்ராவுக்கு அச்சத்தை விளைத்தது. அதுகாறும் ஒரே நிரலை ஒரே தரவுடன் நூறுமுறை ஓட்டினால் நூறுமுறையும் ஒரே நிகழ்ச்சி வரிசையே நிகழும். பிழையிருப்பின் அதனை மீண்டும் வரவழைத்துக் காணலாம். குறுக்கீடோ எந்தக் கட்டளைக்கும் எந்தக் கட்டளைக்கும் இடையே வருமென முன்னறிய இயலாது. ஆயிரம் முறை செவ்வனே ஓடியது ஆயிரத்தோராம் முறை பிழைக்கலாம்; பிழைத்தது பின் எத்துணை முயன்றாலும் தோன்றாதொழியலாம். அவர் முடிவைத் தள்ளிப்போட்டார், நண்பர்களோ விடவில்லை. ஈற்றில் அவர் இசைந்தார். இசைந்தபின், ஓட்டிப் பார்த்துத் தெளிதல் இங்கே போதாது. எவ்விடத்திற் குறுக்கீடு நேரினும் கணக்குப் பிழையாதென முன்னரே நிறுவிக் கொள்ளல்வேண்டும் என்று துணிந்தார். எக்ஸ் 1 இன் சாதனங்களைக் கவனிக்கும் அடிப்படை நிரலை அவ்வாறே எழுதி, அவ்வாய்வையே 1959 இல் அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்துக்குக் கலாநிதிப் பட்ட ஆய்வாக அளித்தார். அடுத்த ஆண்டிலே சொனவெல்ட் என்பவருடன் கூடி அல்கோல் 60 என்னும் மொழிக்கு மொழிமாற்றி ஒன்று அமைத்தார். வேலை முடியும்வரை முகம் மழிப்பதில்லையென இருவரும் உறுதி பூண்டனர். முடிந்ததும் நண்பர் மழித்துக்கொண்டார். டைக்ஸ்ராவோ தாடியை வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார்.

இனி அவர் பெருஞ்சிக்கலுக்கு வருவோம். இரு செயல்முறைகள் ஒரே நினைவகத்தைப் பொதுவாகக் கையாளும்போது, ஒன்று திருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் மற்றொன்று புகாதவாறு காப்பது எங்ஙனம்? இவ்வினாவை அவர் கணித மையத்து நண்பர் முன் வைத்தார். 1959 இல் டெக்கர் என்னும் கணிதர் இரு செயல்முறைகளுக்குச் சரியான தீர்வு கண்டார். எத்தனை செயல்முறைகள் இருப்பினும் பொருந்தும் தீர்வை டைக்ஸ்ரா 1965 இல் வெளியிட்டார். இத்தீர்வுகளின் அடிப்படை ஒருவகைக் கொடியேற்றமே. புகவிரும்புபவன் முதலில் தன் கொடியை உயர்த்துவான். பின் மற்றவன் கொடியைப் பார்ப்பான். மற்றவன் கொடி உயர்ந்திருப்பின் தாமதிப்பான்.

இதனினும் சிறந்த கருவியொன்றையும் அவர் 1962, 1963 ஆம் ஆண்டளவில் ஆக்கினார். புகையிரதப் பாதையிலே ஒற்றை வழியுள்ள பகுதிக்கு முன் கைகாட்டி நிற்பதை நாம் அறிவோம். கைகாட்டி இடந்தந்தால் வண்டி புகும். புகுந்ததும் பின்வருவதற்குத் தடை விழும். வண்டி வெளியேறியதும் தடை நீங்கும். அதன் பெயரையே தம் கருவிக்கும் அவர் இட்டார். உட்புகுமுன் செய்யுஞ் செயலைப் பி என்றும், வெளியேறுங்காற் செய்வதை வி என்றும் ஒல்லாந்துச் சொற்களின் முதலெழுத்தாற் குறித்தார். இடங்கிடைக்காதவன் வீணே எட்டிப் பார்த்துக்கொண்டிராது உறங்குவான், இடங்கிடைத்ததும் எழுப்பப்படுவான்.

1962 இல் ஐன்ட்ஹோவன் நகரத் தொழினுட்ப உயர்கல்லூரியிலே பேராசிரியரான அவர், சிறு குழு ஒன்றுடன் எக்ஸ் 8 என்னும் பொறிக்கு இயக்க முறைமை ஒன்றை அமைத்தார். அப்பொறியின் நினைவகம் 32 ஆயிரம் சொற்கள் கொள்வது. துணையாயிருந்த உருளை 512 ஆயிரஞ் சொற்கள் கொள்வது. இன்றைய கைப்பேசிக்குமுன் இவை தினையளவும் ஆகா. ஆயினும் 1968 இல் வெளியான அம்முறைமை பற்றிய கட்டுரை இன்றும் பயிலப்படுகின்றது. அதனை அவர் அடுக்கடுக்காகக் கட்டினார். கடிகாரக் குறுக்கீடும் கணிப்புறுப்பைப் பங்கிடுதலும் அடித்தளத்தில் அடங்கின. உருளையும் நினைவகமும் அதன்மேல். இயக்குநரின் தட்டச்சு அதன்மேல். ஏனைய சாதனங்கள் அதற்கும்மேல். ஓரடுக்கின் குழப்பம் மேலடுக்கை எட்டாதவாறு அவையனைத்தையும் கைகாட்டிகள் காத்தன. சோதனையில் அகப்பட்டவை ஏறத்தாழ 500 கட்டளைக்கு ஒன்றாக நேர்ந்த எழுத்துவழுக்களே என்றும், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துட் கண்டறியப்பட்டதென்றும் அவர் அறிவித்துள்ளார்.

இவ்விடத்தே, அவர் காலத்துக்குப் பின் விரிந்த ஒரு வினாவைச் சிறிது விளக்கல்வேண்டும். கொடியேற்றத் தீர்வு ஓர் எடுகோளின்மேல் நிற்கின்றது. ஒருவன் பொதுநினைவகத்தில் எம்முறையில் எழுதினானோ அம்முறையிலேயே மற்றவன் காண்பான் என்பதே அது. பிற்காலப் பொறிகளில் அவ்வெடுகோள் நிலைக்கவில்லை. விரைவு வேண்டி, செயலியானது தான் எழுதவேண்டியவற்றைத் தனக்கருகே ஒரு தற்காலிகப் பையில் இட்டுவைத்து அடுத்த வேலைக்குப் போய்விடுகின்றது. இருவரும் கொடியை உயர்த்துவர். இருவர் கொடியும் தத்தம் பையிலேயே கிடக்கும். இருவரும் எதிர்ப்புறம் நோக்குவர். கொடி எதுவும் காணாது இருவரும் ஒருங்கே புகுவர். பலரும் பயன்படுத்தும் இன்டெல் செயலிகளிலும் இது நிகழும். ஏ.ஆர்.எம். வகைச் செயலிகள் முறையை இன்னும் நெகிழ்த்துவன.

நம் இலக்கணத்திற் கூறப்படும் பொருள்கோள் எட்டனுள் அடிமறிமாற்று என்பது, அடிகளை எங்கு மாற்றி வைப்பினும் பொருள் சிதையாது நிற்பது. யாற்றுநீர்ப் பொருள்கோளோ ஆற்றொழுக்குப்போல் முன்னிருந்து பின்னாக ஒரே நெறியிற் செல்வது. இன்றைய செயலி தன்முன் உள்ள கட்டளைகளை அடிமறிமாற்றாகக் கொள்ளும் இயல்பினது. தன் கணக்கின் விடை மாறாதெனின் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் அது நிகழ்த்தும். தனித்து வேலை செய்யுங்கால் இதனாற் கேடில்லை. ஆனால் மறுபுறத்தே ஒரு சாதனம் பார்த்துக்கொண்டிருப்பின், அச்சாதனம் யாற்றுநீர் முறையையே எதிர்பார்க்கும்.

வலையமைப்பு அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அனுப்பவேண்டிய மடலை நினைவகத்தில் எழுதிவைத்துப் பின் அட்டையின் பதிவகம் ஒன்றில் ஒரு குறியை எழுதினால், அது அழைப்புமணி அடித்தாற்போலாகும். மணி கேட்ட அட்டை நினைவகத்திலிருந்து மடலைத் தானே எடுத்து அனுப்பும். மடல் சேருமுன் மணி ஒலித்துவிட்டால் அட்டை பழைய குப்பையையே அனுப்பும். தவறு நேர்ந்ததென அறிவிப்பாரும் இலர். எதிர்த்திசையிலும் இதுவே நிலை. மடல் வந்துவிட்டதெனச் சாதனம் குறியிட்டதைக் காணுமுன்னரே செயலி மடலிருக்கும் இடத்தை வாசித்துவிட்டிருக்கலாம். இதனாலன்றோ லினக்ஸ் போன்ற இயக்க முறைமைகளின் கருப்பகுதியிலே வேலிகள் வைக்கப்பட்டுள்ளன. எழுத்துவேலிக்கு முன் எழுதியவை அதன்பின் எழுதியவற்றுக்கு முன்னரே புலப்படல்வேண்டும். வாசிப்புவேலியும் முழுவேலியும் அவ்வாறே தத்தமக்குரியதைக் காக்கும். சாதனத்துக்கு எழுதியது வழியிலே தங்கிநிற்றலும் உண்டாதலால், அது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்ய அச்சாதனத்திலிருந்தே ஒன்றை மீட்டு வாசிக்கும் வழக்கமும் உளது.

கைகாட்டியின் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. இன்றைய முறைமைகளில் பூட்டும் கைகாட்டியும் தமக்கு வேண்டிய வேலியைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. அவற்றை முறையாகப் பயன்படுத்துவோன் முன்பின் பற்றிக் கவலுறவேண்டியதில்லை. சாதனமோ அப்பூட்டை அறியாது. ஆதலின் சாதனத்துக்கு நிரல் எழுதுவோன் ஒவ்வொரு வேலியையும் தானே உணர்ந்து வைக்கவேண்டும். 1979 இல் லெஸ்லி லம்போட் என்னும் அறிஞர், பல செயலிகளின் செயல்கள் எவ்வகை ஒழுங்கில் நிகழ்ந்தாற்போலத் தோன்றவேண்டும் என்பதற்கு வரைவிலக்கணம் வகுத்தார். டைக்ஸ்ரா எடுகோளாகக் கொண்டது அவ்வாறு வெளிப்படையான உடன்படிக்கை ஆயிற்று.

இதெல்லாம் அறிஞர்தம் நுண்விளையாட்டெனக் கருதுவோர் தெராக் 25 என்னும் கதிர்மருத்துவப் பொறியின் கதையை அறிதல் நன்று. 1985 க்கும் 1987 க்கும் இடையே கனடாவிலும் அமெரிக்காவிலும் நோயாளர் அறுவர்மீது அப்பொறி அளவுக்குப் பன்மடங்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது; சிலர் மாண்டனர். கண்டறியப்பட்ட காரணங்களுள் ஒன்று யாதெனில், விசைப்பலகையைக் கவனித்த நிரற்பகுதியும் பொறியை ஆயத்தஞ்செய்த நிரற்பகுதியும் பொதுவான நினைவிடங்களைக் காப்பின்றிக் கையாண்டமையே. பழக்கத்தால் விரைந்து தட்டச்சிட்ட இயக்குநரின் திருத்தம், மற்றப் பகுதியின் கண்ணிற் படாமலே போயிற்று. மெதுவாகத் தட்டச்சிட்டபோது அப்பிழை தோன்றாது மறைந்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் எக்ஸ் 1 இன் முன்னின்று டைக்ஸ்ரா அஞ்சியது இத்தகைய பிழைக்கே.

அவருடைய பிற்கால வரலாறு விரிவானது. நிரலில் நினைத்தவிடத்துக்குத் தாவிச் செல்லும் கட்டளையைக் கண்டித்து 1968 இல் அவர் எழுதிய கடிதம் பெரும் பூசலை எழுப்பியது. 1972 இல் கணினியியலின் மிகவுயர்ந்த பரிசாகிய ரூறிங் விருது அவரை அடைந்தது. 1973 முதல் பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராக நூனன் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்திலிருந்தே பணிபுரிந்தார். 1984 இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஒஸ்ரின் நகரிலே 1999 வரை கற்பித்தார். கணினிக்கே இலக்கணம் வகுத்த அவர், தம் கட்டுரைகளைக் கையாலேயே எழுதினார். எண்ணிட்டுப் படியெடுத்து நண்பர்க்கு அனுப்பிய அக்கட்டுரைகள் 1300 க்கு மேற்பட்டன. அடித்தல் திருத்தலின்றி ஓடும் அவ்வெழுத்தைக் கண்டபோது, ஏட்டிலே எழுத்தாணி பிடித்த நம் முன்னோரின் கையை நான் நினைந்தேன். ஓலையிற் கீறியதை அழித்தெழுத இயலாது; ஆதலின் அவர்கள் சிந்தித்தபின்னரே கீறினர்.

குணத்தோடு குறையையும் கூறுதல் வரலாறு எழுதுவோன் கடன். டைக்ஸ்ராவின் நாக்கு கூரியது. கோபோல், பேசிக் முதலிய கணினிமொழிகளையும் அவற்றைக் கற்பிப்போரையும் அவர் கடுஞ்சொல்லாற் சாடினார்; மனம் நொந்தோர் பலர். பிழையற்ற நிரலை நிறுவிக்காட்டுக என்னும் அவர் கோரிக்கை, காலமும் பொருளும் குறுகிய தொழிலுலகில் முற்றாக ஏற்கப்படவில்லை. ஆசிரியராயிருப்போர்க்குக் கடுமை வேண்டுமாயினும், அது மாணவனின் பிழைமேற் செல்லவேண்டுமேயன்றி மாணவன்மேற் செல்லலாகாது என்பது என் கருத்து. எனினும் தம் எழுத்துக்குத் தாம் இட்ட கட்டுப்பாடு பிறர்க்கு இட்டதினும் கடியதாயிருந்தமையால், அவர் கண்டனத்தைச் செருக்கெனத் தள்ளிவிடவும் இயலவில்லை.

2002 இல் நோயுற்று ஒல்லாந்துக்கு மீண்ட அவர், ஆகஸ்டு 6 ஆம் நாள் நூனனிலே புற்றுநோயால் உயிர்நீத்தார். பரந்துபட்ட கணிப்புமுறைகள் பற்றிய ஆய்வுக்கு வழங்கப்படும் பரிசொன்று அவ்வாண்டு அவருக்குக் கிடைத்தது; அடுத்த ஆண்டு முதல் அப்பரிசு அவர் பெயராலேயே வழங்கிவருகின்றது.

கணினி பயிலும் நம் மாணவர் அவரிடங் கற்கவேண்டியதை என் மொழியிற் கூறி முடிக்கின்றேன். நாம் எழுதுவதை மறுபுறத்திலிருப்பவர் நாம் எழுதிய முறையிலேயே படிப்பார் என எண்ணிக்கொள்ளலாகாது. முறை மாறினும் கேடில்லாத இடம் எது, மாறலாகாத இடம் எது என்று ஆய்ந்து, மாறலாகாத இடத்திலே அதனை வெளிப்படையாக எழுதிவைத்தல்வேண்டும். செய்யுளுக்குப் பொருள்கோள் காணும் மாணவன் இதனைச் செய்கின்றான். சாதனத்துக்கு நிரல் எழுதுபவனும் அதனையே செய்யவேண்டியவனாகின்றான். முன்னவன் பிழைப்பின் ஒரு பாட்டின் பொருள் கெடும். பின்னவன் பிழைப்பின், மருத்துவமனை மேசைமேற் கிடத்தப்பட்ட நோயாளிக்கு யாது நேரும் என்பதை மேலே கண்டோம்.